‘ஓ.எஸ். போட்டுட்டு அப்படியே போட்டோஷாப்பும் போட்டுடுங்கண்ணா!’ - ‘கிராக்’ சாஃப்ட்வேர் நிஜமாகவே இலவசமா?

“அண்ணா, லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஓ.எஸ். புதுசா போட்டுட்டு, அப்படியே ஆபீஸ், போட்டோஷாப், ஆட்டோகேட் எல்லாம் போட்டுடுங்க.”

“சாயங்காலம் வா தம்பி, எல்லாம் சேர்த்துப் போட்டு வைக்கிறேன்.”

தருமபுரி நான்கு ரோடு ஆகட்டும், அரூர், பென்னாகரம், பாலக்கோடு ஆகட்டும், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் சர்வ சாதாரணமாகக் காதில் விழக்கூடிய உரையாடல் இது. கடைக்காரர் வாங்குவது சில நூறு ரூபாய் சர்வீஸ் சார்ஜ். பென்டிரைவில் இருந்து லேப்டாப்புக்குப் போகும் மென்பொருள்களின் உண்மையான விலையைக் கூட்டினால், சில சமயம் அந்த லேப்டாப்பின் விலையையே தாண்டும்.

இதில் யாருக்கும் குற்ற உணர்ச்சி வருவதில்லை. “எல்லாரும் இதைத்தானே யூஸ் பண்றாங்க?” என்பதுதான் பதில். இது தருமபுரியின் பிரச்சினை மட்டுமல்ல. பிஎஸ்ஏ என்ற சர்வதேச மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017-ல் இந்தியாவில் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 56 சதவீதம் உரிமம் இல்லாதவை. உலக சராசரி 37 சதவீதம். நிறுவனங்கள் தரப்பின் கணக்கு என்பதால் இந்த எண்ணைக் கொஞ்சம் கவனத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனாலும், நம் ஊர் நிலவரம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது.

கிராக் சாஃப்ட்வேர் பயன்படுத்துவது தப்பா? தப்பு என்றால் யாருக்கு நஷ்டம்? விலை கொடுத்து வாங்க முடியாதவர் என்னதான் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1984-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் கணினி நிரல்களும் அதற்குள் வந்தன. சுவாரஸ்யமான விஷயம், சட்டத்தின் பார்வையில் மென்பொருள் ஓர் ‘இலக்கியப் படைப்பு’. ஒரு நாவலாசிரியருக்கு இருக்கும் பாதுகாப்பு புரோகிராம் எழுதியவருக்கும் உண்டு.

கிராக் சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறவர்களுக்கு என்றே இந்தச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது: 63பி. உரிமம் இல்லாத பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், குறைந்தபட்சம் 7 நாட்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் தகுந்த காரணங்களைப் பதிவு செய்து, சிறைத் தண்டனை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதம் மட்டும் விதிக்கலாம். அதாவது, வீட்டில் கற்றுக்கொள்ளும் மாணவரையும், அதே மென்பொருளை வைத்துச் சம்பாதிக்கும் கடையையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்தவில்லை. ஆனால் மாணவர் செய்வதையும் ‘சரி’ என்று அது சொல்லவில்லை.

‘காப்பிதானே எடுத்தோம், திருடலையே?’

அடிக்கடி கேட்கும் வாதம் இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒருவரின் பைக்கை எடுத்துப் போனால் அவருக்கு பைக் இல்லை. மென்பொருளைக் காப்பி எடுத்தால் அசல் அப்படியேதான் இருக்கும். சட்டமும் இதைத் ‘திருட்டு’ என்று சொல்வதில்லை. ‘உரிமை மீறல்’ என்றுதான் சொல்கிறது.

மீதிப் பாதியைப் பேசிய கடிதம் ஒன்று உண்டு. 1976 பிப்ரவரியில், அப்போது 20 வயதில் இருந்த பில் கேட்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அவரும் நண்பர்களும் ஆல்டேர் என்ற கணினிக்காக எழுதிய ‘பேசிக்’ மென்பொருளைப் பலரும் காசு கொடுக்காமல் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அதை வாங்கினார்கள் என்றும், கிடைத்த வருமானத்தைக் கணக்கிட்டால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அவர் எழுதினார். கூலி வராவிட்டால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

22 ஆண்டுகள் கழித்து, 1998-ல், அதே பில் கேட்ஸ் வேறு மாதிரி பேசினார். சீனாவில் மக்கள் மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை என்ற பேச்சு வந்தபோது, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு எப்படி வசூலிப்பது என்று பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் வாஷிங்டன் பல்கலைக்கழக நிகழ்ச்சி ஒன்றில் சொன்னார்.

முதல் கூற்று எல்லோருக்கும் தெரிந்த நியாயம். இரண்டாவது கூற்றில்தான் பைரசியின் உள்கணக்கு இருக்கிறது.

அப்படியானால் யாருக்கு நஷ்டம்?

“அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நான் காசு தராததால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கிராக் போட்டுப் பழகும் ஒவ்வொரு மாணவரும் அந்தப் பெரிய நிறுவனத்துக்குச் செலவே இல்லாத விளம்பரம். கல்லூரியில் கிராக்கில் பழகியவர், பெங்களூருவிலோ ஓசூரிலோ வேலைக்குச் சேர்ந்ததும் அதே மென்பொருளைத்தான் கேட்பார். அங்கே கம்பெனி காசு கொடுத்து வாங்கும்.

உண்மையில் அடிபடுவது வேறு ஆட்கள்.

முதலாவது, சின்ன அளவில் மென்பொருள் செய்து விற்பவர்கள். மளிகைக் கடைக்கான பில்லிங் மென்பொருள், பள்ளிக்கூட ஃபீஸ் கணக்கு, தமிழ் எழுத்துரு என்று நம் பக்கத்து ஊரில் உட்கார்ந்து எழுதுபவர்கள். அவர்களுக்கு 10 வாடிக்கையாளர்கள் போனாலே ஒரு மாத வாடகை போனது போலத்தான். பெரிய நிறுவனம் தாங்கும் நஷ்டத்தை இவர்களால் தாங்க முடியாது.

இரண்டாவது, இலவசமாகவே நல்ல மென்பொருள் தருபவர்கள். போட்டோஷாப் கிராக்கில் ‘சும்மா’ கிடைக்கும்போது, ‘கிம்ப்’ பக்கம் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சட்டப்படி இலவசமான ஒன்று, சட்டவிரோதமாக இலவசமான இன்னொன்றோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. பைரசி இல்லாத ஊரில் கட்டற்ற மென்பொருள்கள் இன்னும் வேகமாக வளர்ந்திருக்கும்.

மூன்றாவது, நீங்கள்.

ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்வது ஏன்?

கிராக் ஃபைலோடு வரும் குறிப்பில் முதல் வரி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: “ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.” கதவைத் திறந்து வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஆளிடம் சாவியையும் கொடுப்பது போன்றது இது.

எல்லா கிராக்கிலும் வைரஸ் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. ‘ஸ்டாப்’ என்ற ரான்சம்வேர் குடும்பம் முக்கியமாகப் பரவியதே கிராக் ஃபைல்கள் வழியாகத்தான். லேப்டாப்பில் இருக்கும் புராஜெக்ட், குடும்ப போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2021-ல், விண்டோஸை ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் போலி ‘கேஎம்எஸ்பிகோ’ கருவிக்குள் பாஸ்வேர்டுகளைத் திருடும் ‘கிரிப்ட்பாட்’ இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

பிரவுசரில் சேமித்து வைத்த நெட் பேங்கிங் பாஸ்வேர்டு போனால், மிச்சம் பிடித்த தொகையைவிடப் பல மடங்கு போகும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ தளத்தில் தீம்பொருளை நீக்கும் கருவிகளை இலவசமாகப் பெறலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ‘ஒரிஜினல் கீ’ என்று விற்கிறார்களே, அது? அவற்றில் பல, பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்ட உரிமத்தைப் பிரித்து விற்பவை. இன்று வேலை செய்யும், நாளை முடங்கலாம். காசும் போய், உரிமமும் இல்லாத நிலைதான் மிஞ்சும்.

தமிழ்நாடு ஏற்கெனவே போட்ட பாதை

‘இலவச மாற்று’ என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். இதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட கதை இருக்கிறது.

2007 வாக்கிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அப்போதைய நிர்வாக இயக்குநர் சி.உமாசங்கர் காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007-ல் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும்படி உருவாக்கப்பட்டது அது.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த லேப்டாப் தருமபுரி மாவட்டத்தின் கிராமத்து வீடுகளுக்கும் வந்தது. லேப்டாப்பை ஆன் செய்ததும் ‘எதில் போகலாம்?’ என்று திரை கேட்டது. ஆனால், இரண்டாவதைத் தொட்டால் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்கப் போதுமான ஆள் இல்லை.

பக்கத்து மாநிலமான கேரளம் இங்கேதான் வேறு வழியில் போனது. அங்கே மென்பொருளோடு ஆசிரியர் பயிற்சியும், பாடப்புத்தகமும் கட்டற்ற மென்பொருளை வைத்தே தயாரானது. இன்று கேரள அரசுப் பள்ளிகளில் ‘கைட்’ அமைப்பு தயாரித்துத் தரும் லினக்ஸ்தான் ஓடுகிறது. மாற்று மென்பொருள் கையில் இருந்தால் போதாது, அதைப் பழக்கித் தர ஓர் அமைப்பும் வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

அரசு செய்யாத இடத்தில் இளைஞர்கள் செய்ததும் உண்டு. விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுத் தருகிறது. 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ் இதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறது. விழுப்புரத்தில் முடிந்தது தருமபுரியில் முடியாதா என்ன?

எந்த வேலைக்கு எந்த மாற்று?

‘எனக்கு போட்டோஷாப் வேணும்’ என்று ஆரம்பித்தால் வழி அடைபட்டுவிடும். ‘எனக்கு என்ன வேலை நடக்கணும்?’ என்று கேட்டால் வழி திறக்கும்.

*ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ரெஸ்யூம், கணக்கு ஷீட்:* லிப்ரே ஆபீஸ் முழுக்க இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். பிரவுசரிலேயே வேலை செய்ய மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் இணையப் பதிப்பு, கூகுள் டாக்ஸ், நம் ஊர் ஸோஹோவின் ரைட்டர், ஷீட் ஆகியவை இருக்கின்றன. சில புது லேப்டாப்களில் ஒரிஜினல் விண்டோஸோடு ஆபீஸும் சேர்ந்தே வருகிறது. ‘ஓ.எஸ். போடுங்க’ என்று கொடுத்து, இருந்த ஒரிஜினலை அழித்துவிட்டு கிராக் ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. முதலில் பில்லைப் பாருங்கள்.

*கல்யாணப் பத்திரிகை, ஃபிளக்ஸ், போஸ்டர்:* படத்துக்கு கிம்ப், கிரிட்டா. கோரல்டிரா வேலைக்கு இங்க்ஸ்கேப். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். இதன் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்து உடையும், 1.6 முதல் ஒழுங்காக வரும். ‘அஃபினிட்டி’ மென்பொருளும் 2025 அக்டோபர் முதல் இலவசமாகியிருக்கிறது. இன்னும் பல டிடிபி சென்டர்களில் ஓடும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. விற்பனை நின்றுவிட்டதால் அதன் பதிப்புரிமை போய்விடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

*தமிழ் எழுத்துரு:* மென்பொருளை வாங்குபவர்கூட ஃபாண்டைக் காப்பிதான் எடுப்பார். இனி அது தேவையே இல்லை. முக்த மலர், கேடமரன், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, பவனம், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாமே இலவச உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் யூனிகோட் எழுத்துருக்களும் விசைப்பலகையும் இலவசம்.

*வீடியோ, அனிமேஷன்:* டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ். முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாத்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் செய்யப்பட்டது. ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்ல என்ன பெருசா பண்ணிட முடியும்’ என்பவர்களுக்கு இந்த ஒரு படம் போதும்.

*இன்ஜினீயரிங்:* படம் வரைய லிப்ரேகேட், ஃப்ரீகேட். மேட்லேப் வேலைக்கு சைலேப், ஆக்டேவ். மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் இவற்றில் பலவற்றுக்கு இலவச வீடியோ பாடங்கள் இருக்கின்றன, தமிழிலும்.

*கடைக் கணக்கு:* பில் போட ஸோஹோ இன்வாய்ஸ் இலவசம். டேலி கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு அதன் ‘எஜுகேஷனல் மோட்’ உண்டு. மாதத்தின் சில குறிப்பிட்ட தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும், ஆனால் பழகுவதற்கு அது தாராளம்.

‘இன்டர்வியூல ஆட்டோகேட் தெரியுமான்னுதானே கேட்கறாங்க?’

நியாயமான கேள்வி. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு ஓசூர் தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போகிறவரிடம், “லிப்ரேகேட் பழகுங்கள், மனசாட்சி சுத்தமாக இருக்கும்” என்று அறிவுரை சொல்வதில் அர்த்தம் இல்லை. வேலைதான் அவருக்கு முக்கியம்.

ஆனால் அவர் கிராக்குக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க், தகுதியுள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாகவே தருகிறது. கல்லூரி அடையாளத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட், ஜெட்பிரெயின்ஸ், கிட்ஹப் போன்றவையும் மாணவர்களுக்கு இலவசத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. ஒரே நிபந்தனை, கற்றுக்கொள்ள மட்டும்தான். அதை வைத்து வெளியாருக்கு பிளான் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கக் கூடாது.

பல திட்டங்களுக்குக் கல்லூரியின் பெயரில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் வேலை சுலபம். மாணவர்களுக்கு அதை உருவாக்கித் தருவது கல்லூரியின் பொறுப்பு. 30 சிஸ்டத்திலும் கிராக் போட்டு லேப் நடத்தும் நிறுவனம், மாணவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சட்டப்படியும் நியாயப்படியும் அதன் தப்புதான் பெரியது.

மாற்றுகளில் குறையே இல்லையா?

இருக்கிறது. வேர்டில் செய்த சிக்கலான ஃபைலை லிப்ரே ஆபீஸில் திறந்தால் சில சமயம் கட்டங்கள் இடம் மாறும். கோரல்டிரா ஃபைல் இங்க்ஸ்கேப்பில் முழுசாகத் திறக்காமல் போகலாம். பிரஸ்காரர் கோரல் ஃபைல்தான் வேண்டும் என்பார். பி.டி.எஃப். ஆகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். புது மென்பொருளில் கை பழக சில வாரங்கள் ஆகும், அந்த நாட்களில் வேலை தாமதமாகும். தினக்கூலி மாதிரி பீஸ் கணக்கில் வேலை பார்க்கும் டிடிபி ஆபரேட்டருக்கு அந்தத் தாமதம் வருமானத்தில் விழும் அடி.

அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் மாதம் ஃபாண்ட், அடுத்து ஆபீஸ், அதன் பிறகு டிசைன் என்று படிப்படியாகப் போகலாம். தொழிலுக்கு ஒரு மென்பொருள் இல்லாமல் முடியவே முடியாது என்றால், அதை மட்டும் மாதச் சந்தாவில் வாங்கி, அந்தச் செலவை வாடகை, கரன்ட் பில் மாதிரி தொழில் செலவில் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. 4 ஜிபி ரேம் உள்ள அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் நன்றாகவே ஓடும். நிறுவுவதற்கு முன்பு, பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கினால் போதும்.

கடைசியாக ஒரு விஷயம்...

வசதி இல்லாத ஒரு மாணவர் கற்றுக்கொள்வதற்காக கிராக் போட்டதையும், அதே கிராக்கில் ஆண்டுக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனத்தையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆனால் இருவருமே ஒரு கேள்வியைத் தள்ளிப் போடுகிறார்கள்: ‘இந்த வேலைக்கு எனக்கு இதுதான் வேண்டுமா?’

இந்தக் கட்டுரையை ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் கையில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதே லினக்ஸ் கெர்னல்தான். படம் பார்க்கும் விஎல்சி-யும் கட்டற்ற மென்பொருள்தான். தெரியாமலேயே பழகிவிட்டோம். அடுத்த முறை சர்வீஸ் கடைக்குப் போகும்போது, “அண்ணா, லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுங்க” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவருக்கும் சர்வீஸ் சார்ஜ் அதேதான். உங்களுக்கு மட்டும் பயம் மிச்சம்.